ரத்தம் வராத ஈறு

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிகூட ஆகவில்லை, அண்ணனிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. குளியலறைத் தொட்டி. அதில் பற்பசை நுரை, நுரைக்கு நடுவே இழை இழையாக ரத்தம். படத்துக்குக் கீழே ஒரே வரி: "உன் பேச்சைக் கேட்டுத்தானே விட்டேன், பாரு இதை." சிகரெட்டை விட்டு அன்றோடு 23 நாள். முப்பது வருஷத்துப் பழக்கம் அது. அந்த 23 நாளையும் அவர் எப்படித் தள்ளினார் என்பது அண்ணிக்கும் எனக்கும்தான் தெரியும். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. அடுத்து அவர் எங்கே போவார், என்ன வாங்குவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு எவ்வளவோ நடந்துவிட்டது. ஆனாலும் அந்தப் படம் என் மனசை விட்டுப் போகவில்லை. எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "பேரு போடாம எழுது, நாலு பேருக்கு ஆகட்டும்" என்றார். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரே வீடு, இரண்டு வாய்

அண்ணனுக்கும் எனக்கும் ஐந்து வயசு வித்தியாசம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தோம். அந்தத் தோட்டம் இப்போது முழுக்க செம்பனை. லயமும் இல்லை, காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களமும் இல்லை. நாங்களும் டவுன் பக்கம் வந்து பல வருஷம் ஆகிறது. அப்பா பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டுக்குப் போகும்போதே வாயில் நிப்பா இலையில் சுற்றிய ரொக்கோ சிகரெட் புகையும். மரத்தடியில் கொசு மொய்க்கும், புகை இருந்தால் அண்டாது என்பார்கள். ஐம்பது வயசிலேயே அப்பாவின் வாயில் எண்ணிப் பார்க்கிற அளவுக்குத்தான் பல் மிச்சம். யாரும் அதை ஒரு நோயாக நினைக்கவில்லை. "நம்ம வம்சத்துப் பல்லே அப்படி" என்று பாட்டி சொல்லி முடித்துவிட்டார். அண்ணன் 16 வயசில் சிகரெட்டைத் தொட்டபோது அப்பா திட்டினார்தான், ஆனால் பல்லுக்காகத் திட்டவில்லை, காசுக்காகத் திட்டினார்.

பல் துலக்குவதில் எங்கள் இருவருக்கும் ஒரே பாடம்தான். தமிழ்ப்பள்ளியில் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பல் மிஸ்ஸி, அதாவது பல் பார்க்கும் தாதி, வருவார். கால்வாய் ஓரமாக வரிசையாகக் குந்த வைப்பார்கள். கையில் குவளை, வாயில் பிரஷ். மிஸ்ஸி மலாயில் எண்ண எண்ண, நாங்கள் மேலே பத்து, கீழே பத்து என்று தேய்ப்போம். வெள்ளை நுரை கால்வாயில் ஓடும். அண்ணன் அதில் கெட்டிக்காரர். இன்று வரைக்கும் காலையிலும் இரவிலும் பல் துலக்காமல் இருந்ததில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஈறு நோய் வந்தவரைப் பார்த்ததும் "வாயைச் சுத்தமா வச்சிருக்க மாட்டார் போல" என்று நினைத்துவிடுகிறோம். என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை.

எனக்கு 2011-இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. ஆப்பிளைக் கடித்தால் ரத்தம், பிரஷ் பட்டால் ரத்தம். கர்ப்பத்தில் ஹார்மோன் மாறும்போது ஈறு லேசான அழுக்குக்கே வீங்கிச் சிவந்துவிடும், அது பலருக்கும் நடப்பதுதான். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ரோஸ் நிறப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் தாய்சேய் கிளினிக் மிஸ்ஸி என்னைப் பல் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே காரையைச் சுரண்டி எடுத்தார்கள், எப்படித் துலக்க வேண்டும் என்று மறுபடியும் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளை பிறந்து சில மாதத்தில் ரத்தம் நின்றது. அன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். அண்ணன் அப்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கிளினிக் ஓடுற, ரத்தம் வந்துச்சுன்னு சொல்ற. என்னைப் பாரு, ஒரு நாள் ஒரு சொட்டு வந்ததில்ல." நானும் நம்பினேன். அதைவிட, மற்றவர்களிடம் "எங்க அண்ணனுக்கு என்னைவிட நல்ல ஈறு" என்று நானே சொல்லியும் இருக்கிறேன்.

தீகா, தீகா, தூஜோ

அண்ணன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். மில்லுக்கு வெளியே வரிசையில் காத்திருக்கும்போது, லோரியின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தபடி நாக்கால் கீழ்ப்பல்லைத் தள்ளியிருக்கிறார். முன்பல் ஒன்று அசைந்தது. வலி இல்லை. வீக்கம் இல்லை. ரத்தமும் இல்லை. ஈறைப் பார்த்தால் கறுத்துத் தடித்து, கெட்டியாக இருந்ததாம். "ஈறு நல்லாத்தான் இருக்கு, பல்லுதான் ஆடுது" என்று என்னிடம் சொன்னார். டவுனில் ஒரு பல் கிளினிக்கில் முன்னமே ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஆடுது என்றார், பிடுங்கிக் கொடுத்தார்கள். ஏன் ஆடியது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இந்தத் தடவை நானே கூட்டிக்கொண்டு போனேன், வேறொரு இடத்துக்கு.

பல் டாக்டர் சின்னப் பெண். முப்பது வயசு இருக்கும். முதலில் கேட்டது, "ஈறில் ரத்தம் வருமா?" அண்ணன் கொஞ்சம் பெருமையாகவே, ஒரு நாளும் வந்ததில்லை என்றார். "சிகரெட் பிடிப்பீர்களா?" பிடிப்பேன், ஒரு நாளைக்கு ஒரு பெட்டி. டாக்டர் மிஸ்ஸியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மில்லிமீட்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை எடுத்தார். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு பல்லுக்கு ஆறு இடம், வெளிப்பக்கம் மூன்று, உள்பக்கம் மூன்று. நல்ல ஈறில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அந்தக் கம்பி இறங்காது. டாக்டர் மலாயில் எண்ணைச் சொல்லச் சொல்ல மிஸ்ஸி எழுதினார். தீகா, தீகா, லீமா, அதாவது மூன்று, மூன்று, ஐந்து. லீமா, எனாம், எனாம். மேல் முன்பற்களின் உள்பக்கம் வந்ததும் தூஜோ, தூஜோ, லாப்பான், ஏழு, ஏழு, எட்டு. அந்த அறையில் வேறு சத்தமே இல்லை. மூன்று, மூன்று என்று வரும்போது மனசு லேசாகும், ஏழு எட்டு என்று வரும்போது கனக்கும். அண்ணன் வாயைத் திறந்தபடி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் எண்ணத் தெரியும்.

கம்பி எட்டு மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில்கூட ரத்தம் கசியவே இல்லை. டாக்டர் அதை எனக்குக் காட்டினார். சாதாரணமாக ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இவ்வளவு ஆழமான பை விழுந்திருந்தால், தொட்டாலே ரத்தம் கொட்டும், இவருக்கு வரவில்லை, அதுதான் எனக்குக் கவலை என்றார். அப்புறம் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். பல்லைச் சுற்றி இருக்க வேண்டிய எலும்பு, பாதி வேர் வரைக்கும் இறங்கிவிட்டது. மழை அரித்து வேர் தெரிய நிற்கும் மரத்தைத் தோட்டத்துச் சரிவில் பார்த்திருப்போமே, அப்படித்தான் இருந்தது.

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிப் படலம் படியும். அதை எதிர்த்து உடம்பு அந்த இடத்துக்கு ரத்தத்தைக் கூடுதலாக அனுப்பும். அதனால்தான் ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, பிரஷ் பட்டால் ரத்தம் வருகிறது. அந்த ரத்தம் உடம்பு போடும் சத்தம். சிகரெட்டில் இருக்கும் நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வருஷக்கணக்கில் பிடித்தால், ஈறின் நுண்குழாய்கள் அழற்சிக்கு ஈடுகொடுத்து விரிவதும் பெருகுவதும் மழுங்கிப்போகிறது. உள்ளே கிருமி தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது, வெளியே சத்தம் வரவில்லை. கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளையணுக்களின் வேலையையும் புகை கெடுக்கிறது. பைக்குள்ளே பிராணவாயு குறைய, அது இல்லாமல் வாழும் கிருமிகளுக்கு அந்த இடம் வசதியாகிவிடுகிறது. எலும்பு கரைந்துகொண்டே போகிறது. கடைசியில் பல் ஆடும்போதுதான் ஆளுக்குத் தெரியவருகிறது.

இதைக் கேட்டு வீட்டுக்கு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அண்ணனும் நானும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கால்வாய் ஓரத்தில் பல் துலக்கியவர்கள். என் ஈறு ரத்தம் சிந்தியது, அதனால் கிளினிக் போனேன், பிழைத்தது. அவர் ஈறு வாயைத் திறக்கவே இல்லை. நான் அதைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் புரியும். தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசரிடம் போய் "முடியல ஐயா" என்று சொன்னால் சீட்டு கிடைக்காது. காய்ச்சல் இருக்க வேண்டும், கத்தி பட்ட காயம் இருக்க வேண்டும், கட்டுப் போடுகிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற நோவுக்குத்தான் அன்றைக்கு ஓய்வு. மற்றதற்கெல்லாம் "போ, வேலையப் பாரு" என்றுதான். அப்படியே இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்துவிட்டோம். ரத்தம் வந்தால் வியாதி, வராவிட்டால் ஒன்றும் இல்லை என்ற கணக்கு எங்களிடம் ஊறிப்போய்விட்டது. அண்ணன் அந்தக் கணக்குப்படிதான் தான் நல்லவிதமாக இருப்பதாக நினைத்தார். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். வம்சத்துப் பல் என்று பாட்டி சொன்னது பாதி உண்மையாக இருக்கலாம், ஈறு நோயில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனால் அதே வம்சத்துப் பல் என் வாயில் 28 இருக்கிறது. அம்மாவுக்கும் 60 வயசு வரைக்கும் முக்கால்வாசிப் பல் இருந்தது. எங்கள் வீட்டில் பல் போனவர்கள் இருவர், புகைத்தவர்களும் அதே இருவர்.

பத்துக்கு மேல்

கிளினிக் அட்டையில் அண்ணனின் நோய்க்கு 'சி' தரம் என்று எழுதியிருந்தார்கள். 2017-இல் பல நாட்டு ஈறு நிபுணர்கள் கூடி வகுத்த முறை அது. நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு ஏ, பி, சி என்று மூன்று தரம். ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டோ அதற்கு மேலோ பிடிக்கிறவர் நேராக 'சி'. சர்க்கரை வியாதி கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கும் அதே தரம்தான். அமெரிக்காவில் 1988 முதல் 1994 வரை நாடு முழுக்கப் பல்லாயிரம் பேரின் வாயைப் பார்த்து எடுத்த கணக்கு ஒன்று உண்டு. அதை வைத்து 2000-இல் எழுதினார்கள்: புகைக்கிறவர்களுக்கு ஈறு நோய் இருக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு நாளைக்கு ஒன்பதுக்குள் பிடித்தாலும் கிட்டத்தட்ட மூன்று மடங்கு, 31-க்கு மேல் போனால் ஆறு மடங்கை நெருங்குகிறது. "நான் குறைச்சிக்கிறேன்" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குறைத்தால் குறையத்தான் செய்கிறது, ஆனால் மூன்று மடங்கு என்பது சின்ன விஷயமா?

அதே கணக்கில் இன்னொன்று இருந்தது. விட்டு 11 வருஷம் ஆனவர்களின் நிலை, பிடிக்காதவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு 47. விரலை மடக்கிப் பார்த்து, "58-ல தான் உனக்குச் சமமா?" என்றார். ஆமாம் அண்ணே, ஆனா விட்டாத்தான் அந்தக் கணக்கே ஆரம்பிக்கும் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஒரு யோசனை இருந்தது. ஆடுகிற பல்லையெல்லாம் எடுத்துவிட்டு ஸ்குரூ பல் போட்டுக்கொள்ளலாமே, காசு சேர்த்துப் பார்க்கிறேன் என்றார். டாக்டர் தலையை ஆட்டினார். புகைக்கிறவர் எலும்பில் அந்த ஸ்குரூ பிடிக்காமல் போகும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுமட்டுமா, ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற சிகிச்சைகூடப் புகைக்கிறவருக்குப் பாதிப் பலன்தான் தரும் என்றார். வேர் சுத்தமானதும் ஈறு மறுபடியும் அதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்ட வைக்கும் நார்களை உண்டாக்குகிற செல்கள் நிகோடின் படிந்த இடத்தில் பிடிப்புக் கொள்ளத் திணறுகின்றன. அதனால் ஒரே டாக்டர், ஒரே கருவி, ஒரே நாள் என்றாலும், புகைக்காதவரின் பை நன்றாகச் சுருங்கும், புகைக்கிறவரின் பை கொஞ்சமாகத்தான் சுருங்கும். "நான் எவ்வளவு சுத்தம் செய்தாலும், நீங்கள் வெளியே போய் ஒன்றைப் பற்ற வைத்தால் என் வேலை பாதி வீண்" என்று டாக்டர் சொன்னதை அண்ணன் காரில் வரும்போது மூன்று தடவை திருப்பிச் சொன்னார். கோபமாகச் சொன்னாரா, யோசித்துச் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஆழமாகச் சுத்தம் செய்வதற்கு ஆறு வாரம் தள்ளித் தேதி கிடைத்தது. அந்த ஆறு வாரத்துக்குள் விட்டுப் பாருங்கள் என்றார்கள். அண்ணன் அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் புகை நிறுத்தும் பிரிவுக்குப் போனார். பதிவுக்கு ஒரு வெள்ளிதான், ஒரு ரிங்கிட். நிகோடின் பபிள்கம் கொடுத்தார்கள். அதைச் சாதாரண பபிள்கம் போல மெல்லக்கூடாது, சில தடவை மென்று கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். அண்ணனுக்கு மெல்லும்போதே ஆடுகிற பல் வலித்தது. அதனால் தோளில் ஒட்டும் நிகோடின் பட்டைக்கு மாற்றினார்கள்.

23-ஆவது நாள்

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

படம் வந்த அரை மணி நேரத்தில் நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி வாசலிலேயே நின்றார், முகத்தில் ஈயாடவில்லை. உள்ளே மேசை மேல் புதுப் பெட்டி ஒன்று, பக்கத்தில் லைட்டர். இன்னும் பிரிக்கவில்லை. கூட்டைச் சுற்றிய மெல்லிய பிளாஸ்டிக் தாள் அப்படியே பளபளத்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "முப்பது வருஷம் பிடிச்சேன், ஒரு சொட்டு ரத்தம் வரல. இருபது நாள் விட்டேன், கொட்டுது. நீயே சொல்லு, எது நல்லது?" என்றார். குரலில் சண்டை இல்லை. அவர் உண்மையிலேயே கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இவ்வளவு படித்தேன், கிளினிக்குக் கூட்டிப் போனேன், கணக்கெல்லாம் சொன்னேன், இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பயமும் இருந்தது. விட்டதால் ஏதாவது கெட்டுவிட்டதா, பட்டை ஒத்துக்கொள்ளவில்லையா என்று நானே குழம்பினேன். "ஒண்ணே ஒண்ணு பிடிச்சுப் பாக்குறேன், நின்னுடும்" என்றார். எனக்கு இப்போது தெரியும், தொடர்ந்து பிடித்திருந்தால் ரத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கலாம். அவர் கணக்கு சரி என்று அவருக்குத் தோன்றியிருக்கும், அதோடு அவர் வாழ்நாளில் மறுபடியும் விட்டிருக்க மாட்டார்.

"நாளைக்கு டாக்டரைக் கேட்போம், நாளைக்கு வரைக்கும் பொறுங்க" என்று மட்டும் சொன்னேன். அண்ணி ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்துப் பிரிக்காமலே அரிசித் தவலைக்குள் வைத்து மூடினார். அண்ணன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார், தடுக்கவில்லை. பசியாறினோம், தோசையும் சம்பாலும். அவர் இரண்டு வாயோடு எழுந்துவிட்டார். அப்புறம் வெளியே போய் லோரியைக் கழுவ ஆரம்பித்தார். முந்தின நாள்தான் கழுவியிருந்தார். சக்கரத்து மண்ணை விரலால் நோண்டி நோண்டி எடுத்தார். மதியம் சாப்பிட்டார், மறுபடியும் லோரிக்குப் போனார். பொழுது சாயும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன். நான் போய்விட்டால் அரிசித் தவலை திறக்கும் என்று எனக்குத் தோன்றியது.

திங்கள் காலை கிளினிக் திறந்ததும் போய் நின்றோம். டாக்டர் வாயைப் பார்த்தார், கம்பியால் இரண்டு மூன்று இடத்தில் தொட்டார். உடனே ரத்தம் கசிந்தது. அவர் முகம் மலர்ந்தது. "நல்ல செய்தி" என்றார். சுருங்கிக் கிடந்த குழாய்களில் ரத்தம் மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது, ஈறு இப்போதுதான் தன் பாட்டைச் சொல்கிறது, நோய் புதிதாக வரவில்லை, இருந்தது வெளியே தெரிகிறது, சுத்தம் செய்தால் இந்த ரத்தம் நிற்கும் என்றார். பிற்பாடு தேடிப் படித்தேன். 2003-இல் வந்த ஓர் ஆய்வு இதையேதான் பார்த்திருக்கிறது: சிகரெட்டை விட்டவர்களுக்கு நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள், கம்பி பட்டால் ரத்தம் வருகிற இடங்கள் 16 சதவீதத்திலிருந்து 32 சதவீதமாக ஏறின. சரியாக இரண்டு மடங்கு. பிரஷ் செய்வதில் அவர்கள் குறை வைக்கவில்லை, ஆனாலும் ரத்தம் ஏறியது. அண்ணனுக்கு வந்தது எல்லாருக்கும் வரக்கூடியது. எழுதிவைத்தே இருபது வருஷம் ஆகிறது.

அன்று நான் டாக்டரிடம் கொஞ்சம் கோபப்பட்டுவிட்டேன். "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன். அவர் சாக்குப்போக்கு சொல்லவில்லை. "ஆமாம், சொல்லியிருக்க வேண்டும்" என்றார். அந்த நேர்மைக்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. ஆனால் மனசு ஆறவில்லை. விடச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்! டாக்டர் சொல்கிறார், பெண்டாட்டி சொல்கிறார், 2009-இலிருந்து பெட்டியிலேயே அழுகிய காலும் புற்றுநோயும் படமாக வருகிறது. 2019-இலிருந்து சாப்பாட்டுக் கடைக்கு உள்ளே பிடிக்கக்கூடாது, மூன்று மீட்டர் தள்ளிப் போய்த்தான் பிடிக்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் விட்டவனுக்கு மூன்றாவது வாரத்தில் என்ன நடக்கும் என்று ஒருவரும் சொல்வதில்லை. விடுவதற்கு முன்னால் பேச ஆயிரம் வாய் இருக்கிறது, விட்ட பிறகு அவன் தனியாகத் தொட்டியில் ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் எத்தனை பேர் மறுபடியும் பெட்டியைத் திறந்திருப்பார்கள்? எங்கள் பக்கத்தில் "விட்டுப் பார்த்தேன், உடம்புக்கு ஒத்துக்கல" என்று சொல்கிற ஆண்களை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். சாக்கு சொல்கிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. இருமல் கூடியிருக்கும், வாயில் புண் வந்திருக்கும், ரத்தம் வந்திருக்கும். அவர்கள் உடம்பில் பார்த்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அதற்கப்புறம்

ஆடிய கீழ் முன்பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். புகைக்கிறவர்களுக்குப் பல் எடுத்த குழி காயாமல் எலும்பு தெரிந்து கடுமையாக வலிப்பது அதிகம் என்று முன்னாலேயே எச்சரித்தார்கள். அண்ணனுக்கு அப்படி எதுவும் வரவில்லை. மற்ற பற்களை இரண்டு தடவையாக, ஒரு பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுத்தம் செய்தார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளந்தபோது நானும் கூடப் போனேன். மேல் முன்பற்களின் உள்பக்கத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எம்பாட், லீமா, லீமா, நான்கு, ஐந்து, ஐந்து. எட்டு இருந்த இடம் ஐந்து. முன்னே ஐந்து இருந்த இடங்களில் பாதி, தீகா. கரைந்த எலும்பு திரும்பி வராது, அது போனது போனதுதான், டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் இருப்பது நிற்கும். இங்கிலாந்தில் நியூகாசலில் இப்படிப்பட்டவர்களை 12 மாதம் தொடர்ந்து பார்த்து 2005-இல் எழுதியிருக்கிறார்கள்: ஒரே சிகிச்சை பெற்றவர்களில், விட்டவர்களின் பைகள்தான் விடாதவர்களுடையதைவிடக் கூடுதலாகச் சுருங்கின. அண்ணனுக்கு அந்த வரியைத் தமிழில் சொன்னேன். "அவங்களும் நம்மள மாதிரிதான் பட்டிருப்பாங்க" என்றார்.

அண்ணன் மகனுக்கு 19 வயசு. வேப், அதாவது மின் சிகரெட், பிடிக்கிறான். அதில் கரி இல்லை, நாற்றம் இல்லை, அதனால் பல்லுக்கு ஒன்றும் ஆகாது என்கிறான். வேப் திரவங்களில் பெரும்பாலும் நிகோடின் இருக்கிறது, ரத்தக்குழாய்க்கு அது எதில் வந்தாலும் நிகோடின்தான். 2024 அக்டோபர் 1 முதல் புதுச் சட்டம் நடப்புக்கு வந்து, வேப்பும் அதில் சேர்ந்துவிட்டது, 18 வயசுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது. இவனுக்கு அந்த வயசு தாண்டிவிட்டது. அண்ணன் இன்னும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை. "நான் ஒரு வருஷம் முடிச்சிட்டுச் சொல்றேன், அப்பத்தான் சொல்ல முடியும்" என்கிறார். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நான் சொல்லிவிட்டேன், அவன் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான் இப்போதைக்கு.

போன மாதம் மில்லுக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் அண்ணனுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். கோப்பி ஓ குடித்துக்கொண்டிருந்தார். எதிரே அவரோடு லோரி ஓட்டுகிற ஒருவர், ரொம்ப நாள் கூட்டாளி. கையில் பற்ற வைக்காத சிகரெட், பிடிப்பதற்காகக் கடைக்கு வெளியே போக எழுந்திருந்தார். தன் தாத்தா 90 வயசு வரைக்கும் சுருட்டுப் பிடித்தார், கரும்பைப் பல்லால் உரித்தார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் மறுத்துப் பேசவில்லை. "இருக்கலாம். உனக்கு ஈறுல ரத்தம் வருமா?" என்று கேட்டார். "ஒரு சொட்டு வந்ததில்ல" என்றார் அவர். அண்ணன் குவளையைக் கீழே வைத்தார்.

"எப்பவாச்சும் நீ விட்டா, மூணாவது வாரம் வரும். தொட்டியில ரத்தத்தப் பாப்ப. பயந்துடாத, பெட்டி வாங்கப் போயிடாத. எனக்கு போன் பண்ணு."

கூட்டாளி வெளியே போனார். லோரிப் பக்கம் நின்று பற்ற வைத்தார். பாதி பிடித்ததும், பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, விரலால் உதட்டை இழுத்துப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.